எண்பத்தாறு மீற்றர்

எங்கள் கடைக்குச் சற்றுத் தள்ளி, தெருவின் மறுபக்கத்தில், ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. நாங்கள் இந்த இத்தாலிய ஊருக்கு வருவதற்கு முன்பே அதில் பூசை நின்றுபோனது. இப்போது அங்கே வைன் ஊற்றிக் கொடுக்கிறார்கள். பீடம் இருந்த இடத்தில் நீளமான ஒரு மேசை. சுவரில் இறக்கையோடு, மூக்கு உடைந்த ஒரு சம்மனசுச் சிலை. பின்னேரமானால் வியா மக்வேதா என்ற பெரிய தெருவிலிருந்து ஆட்கள் நடந்து வந்து, உயரமான கிண்ணத்தில் செம்மஞ்சளாக எதையோ பிடித்துக்கொண்டு, அந்தச் சம்மனசைப் படம் எடுப்பார்கள். எங்கள் வட்டாரச் சபை இதற்கு வைத்திருக்கும் பெயர் பண்பாடு.

எங்கள் கடையில் சந்தைக்காரன் ஒருவன் மத்தியானம் ஒரு போத்தல் பியர் வாங்கி, ஒரு பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனால், அதற்கு அதே சபை வைத்திருக்கும் பெயர் சீரழிவு. நான் மிகைப்படுத்தவில்லை. அந்தச் சொல் எங்களுக்கு வந்த கடிதத்தில் மூன்று இடங்களில் இருந்தது.

கடை அப்பாவுடையது. பல்லரோ சந்தை மெலிந்து முடிகிற இடத்தில், மீன் தண்ணீர் ஓடி வந்து சேரும் முனையில் இருக்கிறது. அரிசி, பிட்டு மா, கருவாடு, விமானத்தில் வந்து பாதி வாடிய கறிவேப்பிலை, ஊருக்குக் கதைக்கும் தொலைபேசிக் காட் என்று எல்லாம் உண்டு. ஆனால் அரிசி வாங்குகிறவன் மாதத்தில் ஒருமுறைதான் வருவான். பியர் வாங்குகிறவன் நாள்தோறும் வருவான், வந்தவன் சீனியையும் முட்டையையும் சேர்த்து வாங்குவான். சுவரோரம் நிற்கும் அந்தக் குளிர்ப்பெட்டிதான் கடையின் நெஞ்சு. அது நின்றால் மற்றதெல்லாம் நின்றுவிடும் என்று அப்பாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

கடைக்கு முன்னர் அப்பா பத்தொன்பது வருடம் ஒரு வழக்கறிஞரின் வீட்டில் வேலை செய்தார். கிழவரைத் தூக்கி இருத்துவது, குளிப்பாட்டுவது, படுக்க வைப்பது. அந்த வீட்டில் ஒவ்வொரு அறையிலும் சின்னதாக ஒரு பித்தளை மணி இருந்தது. கிழவர் அடிப்பார், அவர் மனைவி சிஞ்ஞோராவும் அடிப்பா. அப்பாவின் முதுகு அங்கேதான் போனது. கிழவர் செத்த வருடம் அப்பா கடையை எடுத்தார். இப்போது சிஞ்ஞோராவும் படுக்கையில். அவவின் மகன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டு, ‘உங்களைத் தவிர வேறு யாரையும் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை’ என்று சொல்லி, திரும்பவும் வேலைக்கு வரக் கேட்டுக்கொண்டிருந்தான். அப்பா ஒவ்வொரு முறையும் மரியாதையாக மறுத்தார். தொலைபேசியை வைத்த பிறகு, “மணி எடுத்து வைச்சிருக்கிறாவாம்” என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா சிரிக்கமாட்டா. அவவும் அந்த மாதிரி வீடுகளில்தான் துடைக்கிறா.

எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பா ஆறாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவர், அம்மா எட்டாம் வகுப்போடு. நான் இங்கே பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம் படித்தேன். எந்தக் கதவைத் தட்டினால் எந்தக் கடதாசி வரும் என்று படிப்பதற்கு ஒரு பட்டம். ஆகவே எங்களுடைய ஆட்களின் கடதாசிகளெல்லாம் என் மடியில் வந்து விழும். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கவேண்டுமா, பொலிஸ் அலுவலகமான கெஸ்தூராவில் நேரம் எடுக்கவேண்டுமா, தம்பியைக் கூப்பிடு. தம்பியும் போவான். அப்போது எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

அந்தப் பெருமையில் செய்ததுதான் கோயில் விண்ணப்பம்.

கோயில் என்று நாங்கள் சொல்வது ஒரு கராஜ். கடை இருக்கும் அதே தெருவில், அதே பக்கத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவரும் அப்பாதான். ஆறு கராஜ் பார்த்தார். ஒவ்வொன்றின் முன்னும் கைத்தொலைபேசியில் திசைகாட்டியைத் திறந்து, கையை நீட்டிக்கொண்டு நின்றார். அலைவரிசை தேடுகிறார் என்று நினைத்த உரிமையாளர் ஒருவர், ‘உள்ளே நன்றாகக் கிடைக்கும்’ என்று உறுதி சொன்னாராம். ஆறாவது கராஜின் ஷட்டர் சரியாகக் கிழக்கே பார்த்தது. விலையும் பார்க்கவில்லை, கூரை ஒழுக்கையும் பார்க்கவில்லை. அதையே எடுத்தார்கள்.

கிழக்கு வாசலுக்கு முன்னால் ஊரார் கார் நிறுத்தினார்கள். திருவிழா அன்று சாமியை வெளியே எடுக்க முடியாமல், ஒரு சின்னக் காரின் முன்பக்கத்துக்கு மேலால் நான்கு பேர் தூக்கிக் கடத்தினார்கள். அன்றைக்கே நிர்வாகக் கூட்டம் கூடி, அங்கே கார் நிறுத்தாதே என்ற பலகை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. எங்கள் நிர்வாகத்தினர் தீர்மானம் போடுவதில் கெட்டிக்காரர். அலுவலகத்தில் போய் விசாரித்தேன். பதிவுசெய்த வழிபாட்டுத் தலம் என்றால் பலகை கெதியாகக் கிடைக்கும் என்றார்கள். பதிவுக்கு எழுதினேன், பன்னிரண்டு பக்கம். வாசல் எந்தத் தெருவில் என்ற இடத்தில் எங்கள் தெருவை எழுதி, வரைபடத்தில் அம்புக்குறியும் போட்டேன். பதிவு கிடைத்தது. பலகை வரவில்லை. ஆனாலும் கோயில் தலைவர் சாமிக்கு முன்னால் எனக்குப் பொன்னாடை போர்த்தி, ஒலிவாங்கியில், “படிச்ச பிள்ளையள் எங்களுக்கு வேணும்” என்றார். ஒலிவாங்கி அந்தக் கராஜுக்குத் தேவையே இல்லை. சாதாரணமாகக் கதைத்தாலே மூலைவரை கேட்கும்.

பிறகு சபையின் கடிதம் வந்தது.

புது ஒழுங்குவிதி. இயங்கிக்கொண்டிருக்கும் வழிபாட்டுத் தலம் ஒன்றிலிருந்து நூறு மீற்றருக்குள் உள்ள கடைகள், எடுத்துச்செல்வதற்கென மதுபானம் விற்கக்கூடாது. மேசை நாற்காலி போட்டு இருத்தி ஊற்றிக் கொடுக்கும் இடங்களுக்கு இது பொருந்தாது. அதாவது, கடவுளுக்குப் பக்கத்தில் குடிப்பது பிழையில்லை, வாங்கிக்கொண்டு போவதுதான் பிழை. கதிரையில் இருந்து குடிக்க வசதியுள்ளவனைக் கண்டால் கடவுள் கோபிப்பதில்லை என்பதைச் சபை எப்படிக் கண்டறிந்தது என்று கடிதத்தில் இல்லை. ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாட்களுக்குள் எழுதலாம், சபை அமர்வுக்கு வந்து மூன்று நிமிடம் கதைக்கலாம்.

நான் சிரித்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன்: “பிழையா அனுப்பியிருக்கினம். மூக்கில்லாத சம்மனசுக்குப் பூசை இல்லை. மற்றக் கோயிலுகளெல்லாம் சந்தைக்கு அங்காலை. நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்.”

“வடிவாக் கேட்டுக்கொண்டு வா,” என்றார் அப்பா. “கத்திப்போடாதை.”

அலுவலகத்தில் இருந்தவள் கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். எங்கள் தெரு. தெருவில் ஒரு நீலப் புள்ளி. புள்ளியை அழுத்தினாள். இந்துக் கோயில் என்று விரிந்தது. அதற்குக் கீழே விண்ணப்பித்தவரின் பெயர். என் பெயர். அதற்கும் கீழே என் கையெழுத்து, படித்தவன் போடுகிற மாதிரி, வால் நீட்டி.

எங்கள் கடவுளை இந்த ஊர் முதன்முறையாகக் கண்டுகொண்டது எங்கள் கடையின் கழுத்தைப் பிடிப்பதற்காக. கண்டுகொள்ளச் சொல்லிப் பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தவன் நான்.

ஆட்சேபம் எழுதினேன். அளந்து பார்க்க விஜிலி ஒருவர் வந்தார். நகரக் காவலர்களை நாங்களும் அப்படித்தான் சொல்வோம். ஐம்பது வயதிருக்கும், நல்ல தொந்தி, கையில் ஒரு நீளமான தடி, தடியின் நுனியில் ஒரு சில்லு. உருட்டிக்கொண்டு போனால் தூரம் காட்டும். கடை வாசலில் வைத்து உருட்டத் தொடங்கினார். சில்லு மீன் தண்ணீரில் நனைந்து, கத்தரிக்காய்ப் பெட்டி ஒன்றில் முட்டி, மீண்டும் போனது. சந்தையில் வாள்மீன் வெட்டுகிறவன் கத்தியை நிறுத்தி, “யாருக்குச் சவப்பெட்டி அளக்கிறாய்?” என்று கேட்டான்.

“சபை கேட்டது,” என்றார் விஜிலி.

“சபையின் மூளையை அளக்கிறதென்றால் இவ்வளவு தூரம் நடக்கத் தேவையில்லையே.”

எண்பத்தாறு மீற்றர். விஜிலி எழுதிக்கொண்டார். பிறகு ஷட்டருக்குள் எட்டிப் பார்த்து, சாமிக்குப் பக்கவாட்டில் இருந்த இரும்புக் கதவைக் காட்டி, அது எங்கே போகிறது என்றார். அடுத்த சந்துக்கு என்றேன். பொங்கல் கிண்டுகிற இடம், செருப்பு விடுகிற இடம். அவர் யாரும் கேட்காமலே முனையைச் சுற்றிச் சில்லை உருட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து, “நூற்றுப் பத்தொன்பது” என்றார். “கேள். எந்தக் கதவைப் பொதுவாசல் என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களோ அதுவரைதான் நான் அளப்பேன். அந்தக் கதவுதான் வாசல் என்று உங்கள் கோயில்காரர் கையெழுத்து வைத்து ஒரு கடதாசி கொடுத்தால், என் சில்லும் வேறு கதை சொல்லும்.”

இந்தக் கதையில் வந்தவர்களில் நான் ஏளனமாக நினைக்காத ஒரே உத்தியோகத்தர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நிர்வாகம் கூடியது. இங்கே கோயில் தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய வீடு ஒன்றில் சமையல். ஊரில் ஏதோ சங்கத்தில் செயலாளராக இருந்தவராம், அந்த நாற்காலி இன்னும் அவருக்குக் கீழே இருப்பதுபோலத்தான் நடப்பார். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் அவரும் வேறு மூன்று பேரும் எங்கள் கடைக்கு வருவார்கள். கறுப்புப் பையில் பியர் வாங்கி, தலைவரின் காருக்குள் இருந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குடிப்பார்கள். நெற்றியில் திருநீறு காயாமல் இருக்கும். கண்ணாடி ஏற்றினால் சாமிக்குத் தெரியாது போலும்.

ஆகவே எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஒரு கையெழுத்து. எழுதிய கடதாசியையும் பேனையையும் கொண்டு போயிருந்தேன்.

“பின்கதவுதான் பொதுவாசல் எண்டு கடதாசியிலை மட்டும் போடுவம், தலைவர்,” என்றேன். “ஷட்டரை நீங்கள் வழமைபோலத் திறவுங்கோ. ஒருத்தரும் வந்து பாக்கமாட்டினம்.”

“பின்கதவு எந்தப் பக்கம், தம்பி?”

“தெற்கு.”

“தெற்கு ஆற்றை திசை?”

பின்னாலிருந்து ஒருவர், “யமன்ரை” என்று எடுத்துக் கொடுத்தார்.

“கடதாசியிலை மட்டும்தானே.”

“சாமிக்குக் கடதாசி வாசிக்கத் தெரியாதெண்டு நினைச்சீரோ? நீர் மட்டும்தான் படிச்சனீரோ?”

சிலர் சிரித்தார்கள். நான் விடவில்லை. “நாலு பக்கமும் வாசல் வைச்ச கோயிலுகள் எங்கடை ஊரிலையும் இருக்குத்தானே.”

“அதுகள் கோயில், தம்பி. இது கராஜ். இதிலை கோயிலுக்குரியதெண்டு இருக்கிறதே அந்த ஒரு வாசல்தான். அதையும் தெற்கை திருப்பிப்போட்டுப் பேந்து என்னத்தைக் கும்பிடுறது?”

அது நல்ல பதில் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல். அந்த ஆளின் வாயிலிருந்து அப்படி ஒரு நல்ல பதில் வந்திருக்கக்கூடாது.

ஞாயிறு தவறாமல் இரண்டு போத்தல் வாங்குகிற ஒருவர் எழுந்தார். “அதுசரி, பியர் வித்துத்தான் சீவிக்கவேணுமோ? உளுந்து வித்தால் காணாதோ?”

“போன ஞாயிறு அந்தக் கறுப்புப் பையுக்கை கொண்டு போனது உளுந்தோ, மாமா?” என்றேன்.

பெண்கள் பக்கத்தில் நன்றாகவே சிரித்தார்கள். அவர் இருந்துவிட்டார். தலைவருக்கு மட்டும் முகம் மாறவில்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் குரல் தாழ்ந்தால் ஏதோ வருகிறது என்று நான் அறிந்திருக்கவேண்டும்.

“சரி. நாங்கள் ஒருத்தற்றை வயித்திலையும் அடிக்கேல்லை. அண்ணை இஞ்சைதான் இருக்கிறார். இந்த வாசலைப் பாத்து எடுத்தவரும் அவர்தான். அவர் எழும்பிச் சாமிக்கு முன்னாலை நிண்டு, என்ரை பியருக்காக வாசலைத் திருப்பித் தாங்கோ எண்டு தன்ரை வாயாலை கேக்கட்டும். நான் இப்பவே கையெழுத்து வைக்கிறன்.”

அப்பா குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இருந்து, சிந்தின எண்ணெயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பது பேரும் அவரைப் பார்த்தார்கள். நான் அவரை எழும்பச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். ஒரு வசனம். ஒரு வசனம் சொன்னால் கடை பிழைக்கும், அந்த மணி வேண்டாம், முதுகு தப்பும்.

அப்பா துணியை மடித்து வைத்தார்.

“வேண்டாம்,” என்றார். “வாசல் உப்பிடியே இருக்கட்டும்.”

கடைக்கு நடந்து வரும் எண்பத்தாறு மீற்றரிலும் நான் கத்திக்கொண்டே வந்தேன். “அந்தாள் வேணுமெண்டு உங்களை மாட்டினது. விளங்கேல்லையோ உங்களுக்கு?”

“விளங்கினது.”

“விளங்கியும் வேண்டாமெண்டனீங்களோ?”

“விளங்கினபடியால்தான். நான் கேட்டு, அவை திருப்பினால், சாகுமட்டும் நான் வாசலைத் திருப்பினவன். பொடியளுக்குப் பொடியள் சொல்லிக் காட்டுவினம்.”

“ஆர் சொன்னால் என்ன? அதுகளே குடிக்கிறதுகள்.”

“குடிக்கிறவைதான் சொல்லுவினம்,” என்றார் அப்பா.

கடையில் நின்ற அம்மா எங்கள் முகங்களைப் பார்த்தே விளங்கிக்கொண்டா. அப்பாவைப் பார்த்து, “உங்கடை முதுகு நோகாட்டில் எனக்கென்ன,” என்று மட்டும் சொன்னா. சொல்லிவிட்டு, கருவாட்டைத் திரும்பவும் அடுக்கத் தொடங்கினா. அது அடுக்கித்தான் இருந்தது.

அமர்வுக்கு நான் தனியாகப் போனேன். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு மண்டபம். பின்னேரம் நாலு மணி. நான் இஸ்திரி போட்ட சேட் போட்டிருந்தேன். அங்கிருந்த ஒருவரும் அதைச் செய்திருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் இந்த அமர்வுகளைப் பற்றி ஒரு பாடமே படித்திருக்கிறேன். மக்களுக்கு மிக அருகில் இருக்கும் சனநாயகப் படி என்று எழுதிப் புள்ளியும் எடுத்திருக்கிறேன். அந்தப் படியில் ஒருவர் கைத்தொலைபேசியில் காற்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் பிஸ்தா ஐஸ்கிறீமை மேசைக்குக் கீழே வைத்துத் தின்றுகொண்டிருந்தார். சாதாரணமாக ஐஸ்கிறீம் சாப்பிடும் ஒருவர் மேல் எனக்குக் கோபம் வராது.

எங்களுக்கு முந்திய விடயம், பழைய தேவாலயம் தன் மேசைகளை வெளியே நடைபாதையிலும் போட அனுமதி. அதற்கு இருபது நிமிடம் புகழ்ந்தார்கள். தெரு உயிர்பெறுகிறது, இளைஞர்கள் வருகிறார்கள், கல்லுக்கு மூச்சு வருகிறது. சபைத் தலைவி, கழுத்தில் பச்சைத் துண்டு சுற்றிய ஒரு மனுசி, தானே போன வாரம் அங்கே இருந்ததாகவும் சூரியன் இறங்கும்போது அந்தச் சம்மனசு அழுவதுபோல் தெரிந்ததாகவும் சொன்னா. கை தூக்கினார்கள். நிறைவேறியது.

அடுத்தது கடைகள். தலைவி முகத்தை மாற்றிக்கொண்டா. சீரழிவு வந்தது. போத்தல் வந்தது. “சில வகையான கடைகள்” வந்தது. எந்த வகை என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் ஒரு கணம் என்னைப் பார்த்தார்கள், பிறகு பார்க்காததுபோல் இருந்தார்கள்.

எனக்கு மூன்று நிமிடம் தந்தார்கள். கத்தவில்லை. கோயில் வெள்ளிப் பின்னேரமும் ஞாயிறு காலையும் மட்டும்தான் திறப்பது, அந்த நேரங்களில் பியர் விற்காமல் இருக்க அப்பா எழுதித் தரத் தயார், குடிக்கிறவர்கள் தெருவில் நிற்பதில்லை, ஒரு முறைப்பாடும் இதுவரை இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரண்டே முக்கால் நிமிடத்தில் முடித்தேன். வீட்டில் ஆறு தரம் சொல்லிப் பார்த்திருந்தேன்.

“உங்கள் இத்தாலியன் எவ்வளவு அழகாக இருக்கிறது,” என்றா தலைவி.

நான் நன்றி சொன்னேன். அதற்கும் ஏன் நன்றி சொன்னேன் என்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

“ஆனால் உங்கள் சமூகத்தின் கருத்து வேறாக இருக்கிறதே,” என்று அவ ஒரு கடதாசியை எடுத்தா. கோயிலின் தலைப்புத்தாள். மேலே தாமரை, கீழே தலைவரின் கையெழுத்து. தொலைபேசியில் மொழிபெயர்த்த இத்தாலியன், வசனங்கள் முடம். தங்கள் புனிதத் தலத்தின் அமைதியைக் காக்கும் சபைக்குத் தமிழ்ச் சைவ மக்கள் நன்றி தெரிவிக்கிறார்கள், தலைவி அவர்களைத் திருவிழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்த விரும்புகிறார்கள்.

தலைவி அதைச் சத்தமாக, ஒவ்வொரு முடத்தையும் மன்னிக்கும் குரலில் வாசித்தா. ஐஸ்கிறீம் தின்றவர் கூடக் கை தட்டினார். எங்கள் கடையில் பியர் வாங்கிக் குடிக்கும் ஒருவனின் நன்றிக் கடிதத்தை வைத்து, எங்கள் கடையின் பியரை நிறுத்தினார்கள். வாக்கெடுப்பில் ஒருவர் மட்டும் முதலில் கை தூக்கவில்லை. காற்பந்து பார்த்தவர். அவருக்குக் கேட்டிருக்கவில்லை, பக்கத்திலிருந்தவர் தட்டியதும் அவரும் தூக்கினார்.

வெளியே வந்தபோது அவர்கள் நாலைந்து பேராகத் தெருவைக் கடந்தார்கள். எங்கே போகிறார்கள் என்று பின்னால் போய்ப் பார்க்க எனக்குத் தேவையிருக்கவில்லை. நான் வீட்டுக்குப் போகும் வழியும் அதுதான். சம்மனசுக்குக் கீழே அவர்களுக்கு ஏற்கெனவே மேசை போட்டிருந்தது.

மாத முடிவில் குளிர்ப்பெட்டியைக் காலியாக்கினோம். அப்பா அதில் நெல்லிச் சாறும் மோரும் அடுக்கினார். முதல் ஞாயிறு, பூசை முடிந்து, பழக்கத்தில் அந்த நாலு பேரும் வந்து நின்றார்கள். தலைவர் பெட்டியைத் திறந்து, கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன அண்ணை, முடிஞ்சுதோ?”

“முடிச்சுப்போட்டினம்,” என்றார் அப்பா. “நெல்லி இருக்கு. குளிரா இருக்கு.”

அவர்கள் நெல்லிச் சாறு வாங்கினார்கள். வாங்காமல் போக வெட்கம். நாலு பெரிய மனிதர்கள், வேட்டியும் திருநீறுமாக, காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உறிஞ்சுகுழாயால் உறிஞ்சினார்கள். அந்தக் காட்சியை நான் இரண்டு நாள் நினைத்து நினைத்துச் சிரித்தேன். மூன்றாம் நாள் அப்பா தொலைபேசியை எடுத்து, சிஞ்ஞோராவின் மகனுடன் கதைத்தார். வருகிற திங்கள் தொடங்கி, காலை ஏழிலிருந்து மத்தியானம்வரை. கடை பின்னேரம் மட்டும் திறக்கும். அப்பா இந்த முறையும் மரியாதையாகத்தான் கதைத்தார்.

அந்த வாரமே பலகை வந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன் நான் எழுதிக் கேட்ட பலகை. சபையின் முத்திரையோடு, வட்டத்துக்குள் சிவப்புக் கோட்டோடு, கோயில் ஷட்டருக்குப் பக்கத்தில் பூட்டிவிட்டுப் போனார்கள். ஞாயிறு காலை, அதற்குக் கீழே முதன்முதலாக நின்ற கார் தலைவருடையது. மழை தூறியது. அவருக்கு நனைய விருப்பமில்லை.

நான் விஜிலிகளைக் கூப்பிட்டேன். கடை வாசலில் நின்று, நல்ல இத்தாலியனில், தெருவின் பெயர், பலகையின் எண், காரின் எண் எல்லாம் சொன்னேன்.

வந்தவர் அதே தொந்திக்காரர். சில்லு இல்லாமல். புத்தகத்தைத் திறந்து எழுதத் தொடங்கியதும் தலைவர் பூசைக்கு நடுவில் வெறுமேலோடு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். சொல்ல இத்தாலியன் வரவில்லை. கையைக் கூப்பினார். பிறகு கையை விரித்தார். நான் எண்பத்தாறு மீற்றர் தள்ளி நின்று, என் வாழ்நாளில் படித்ததற்கெல்லாம் இதுதான் பலன் என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன்.

அப்பா என்னைத் தாண்டிப் போனார். கடைத் துவாயைத் தோளில் போட்டபடி, அவசரமில்லாமல். நானும் பின்னால் போனேன். அப்பாவின் இத்தாலியன் சந்தையில் பொறுக்கியது, பாதி சிசிலியன். ‘எங்கள் ஆள்தான், மழை, கிழவர், இப்போது எடுத்துவிடுவார், பலகை நேற்றுத்தான் வந்தது, கண்ணுக்குப் பழகவில்லை’ என்று ஏதேதோ சொன்னார். தலைவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கிழவர் என்றதைக் கேட்டும் தலையாட்டினார்.

விஜிலி பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார். “கூப்பிட்டது உன் மகன்தானே?” என்று அப்பாவிடம் கேட்டார். ஷட்டருக்குள் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

“ஆம்,” என்றார் அப்பா. “அவன் படித்தவன்.”

விஜிலி சிரித்து, தாளைக் கிழித்துத் தன் பொக்கற்றில் போட்டுக்கொண்டார். தலைவர் காரை எடுத்தார். எடுக்கும்போது அப்பாவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஒலிவாங்கி இல்லாத இடத்தில் அவருக்குச் சொல் வராது. மூடிக்கொண்டு போனார்.

“உங்களுக்கு விசரோ?” என்றேன் அப்பாவிடம். “அந்தாள் எழுதின கடிதத்தாலைதான் கடை போனது.”

“தெரியும். நீ கடையைப் பார். நான் தீபம் பாத்திட்டு வாறன்,” என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு, கிழக்கு வாசலால் உள்ளே போனார்.

எனக்கு அப்பா மேலும் கோபம். அதை எழுதாமல் விட்டால் இவ்வளவு எழுதியதும் பொய்.

திங்கள் மத்தியானம் அவர் வந்து, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காலித் தகரத்தின் மேல் இருந்தார். நான் தேத்தண்ணீர் கொடுத்தேன். பிறகு கேட்டேன்.

“மணி அடிச்சவவோ?”

“ஓம்.”

“எத்தினை தரம்?”

அப்பா தேத்தண்ணீரை ஊதிக் குடித்தார்.

“எண்ணேல்லை,” என்றார். “நாளைக்கு உன்ரை விஜிலியைக் கூட்டிக்கொண்டு வா. அளந்து எழுதட்டும்.”